இரவல் வலிமையும் எழுதாத கணக்கும்

உடம்பை வெறுத்து ஒதுக்குவதே ஞானத்தின் முதற்படி என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. ஆயினும் அதனை மறுத்துரைத்த சான்றோரும் நம்மிடையே உண்டு. உடம்பை இழிவென்று தாம் முன்னர் எண்ணியிருந்ததையும், பின்னர் அதன் அருமையை உணர்ந்து பேணத் தொடங்கியதையும் திருமூலர் எடுத்துரைக்கின்றார். ஆகவே, உடலைப் பேணுதலும் வலிமையுறச் செய்தலும் அறத்தின் ஒரு பகுதியே என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வழியில் பேணுவது, என்ன விலை கொடுத்துப் பேணுவது, அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்னும் வினாக்களே இன்று நம் முன் நிற்கின்றன.

மும்பைத் தமிழர்க்கு இவை ஏட்டளவில் நிற்கும் வினாக்கள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கியவர்கள் கையில் கொண்டுவந்த முதல், அவர்தம் உடல் ஒன்றே. மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் சம்மட்டி பிடித்தவர்க்கும், செம்பூரை அடுத்த ஆலைகளில் இரவுப் பணி பார்த்தவர்க்கும் அவ்வாறே. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் இன்று படித்து மேசைப் பணிக்குச் சென்றுவிட்டனர். செல்லாதவர் நிலை என்ன? காவல்துறைத் தேர்வுக்காக விடியலில் ஓடுகிறவன், கடை வாயிலில் காவல் நிற்கிறவன், முதுகில் பையைச் சுமந்து மாடி மாடியாக ஏறிப் பொருள் கொடுக்கிறவன், ஜிம்மில் பயிற்சியாளனாகச் சேர விரும்புகிறவன் ஆகிய இவர்களுக்கு இன்றும் உடலே முதல். அம்முதலைப் பெருக்கவே அவர்கள் மாலை வேளைகளில் ஜிம்முக்குச் செல்கின்றனர். அங்கே இப்பொழுது பாலும் முட்டையும் புரதப் பொடியும் மட்டுமன்றி, சிறு கண்ணாடிக் குப்பிகளைப் பற்றியும் பேச்சு எழுகின்றது. அக்குப்பிகளில் இருப்பவை பெப்டைடுகள்.

அவை யாவை என்பதை முதலில் அறிந்துகொள்வோம். அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் மணிகளைப் போலக் கோக்கப்பட்டு உருவாகும் குறுஞ்சங்கிலியே பெப்டைடு. சங்கிலி நீண்டு மடிந்தால் அதனைப் புரதம் என்கின்றனர். நம் உடலில் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்கு விடுக்கும் செய்திகளுள் பல இவ்வடிவிலேயே செல்கின்றன. நம் வீடுகளில் அனைவரும் அறிந்த இன்சுலின் அத்தகைய சங்கிலியே. அதில் உள்ள அமினோ அமிலங்கள் 51. கனடாவின் டொராண்டோ நகரில் 1921இல் பான்டிங்கும் பெஸ்ட்டும் தொடங்கிய ஆய்வின் பயனாக, 1922 ஜனவரியில் சாவின் விளிம்பில் இருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது செலுத்தப்பட்டது. அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் மட்டும் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். எனவே பெப்டைடு என்னும் பெயரைக் கேட்டே அஞ்சுதல் அறியாமை. ஊசி வழியாக உடலுக்குள் செல்வதெல்லாம் தீது என்று கூறுவோர், அச்சிறுவனின் பெற்றோர் முன் நின்று அதனைக் கூற இயலுமோ?

ஜிம்மில் பேசப்படும் பெப்டைடுகள் வேறு. பி.பி.சி.-157 என்பது 15 அமினோ அமிலங்களால் ஆனது. எலிகளின் தசைநாண் காயங்களை அது விரைந்து ஆற்றியதாக ஆய்வுகள் வந்துள்ளன. மனிதரிடையே நடந்த ஆய்வுகளோ மிகச் சில, அவற்றில் பங்கு பெற்றோரும் மிகச் சிலர். டி.பி.-500 என்பது தைமோசின் பீட்டா-4 என்னும் இயற்கைப் பெப்டைடோடு தொடர்புடையது. சி.ஜே.சி.-1295, இபாமோரெலின் என்னும் இரண்டும் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை இரு வேறு வாயில்கள் வழியாகத் தூண்டி, வளர்ச்சி ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கச் செய்பவை. ஒன்று காயத்தை ஆற்றும், மற்றொன்று தசையை வளர்க்கும், இரண்டையும் சேர்த்தால் இரட்டைப் பயன் என்பதே கணக்கு. இவ்வாறு சேர்த்துச் செலுத்துவதை ‘ஸ்டாக்’ என்று ஜிம் வழக்கில் கூறுவர்.

தசை இயல்பாக வளரும் முறையையும் ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். பளுவைத் தூக்கும்பொழுது தசைநார்கள் கடுமையாக இழுபடுகின்றன. நுண்ணிய சிதைவுகளும் உண்டாகின்றன. நார்களை ஒட்டி உறங்கிக்கிடக்கும் சிறப்புச் செல்கள் அப்பொழுது விழித்தெழுந்து, பெருகி, நாரோடு இணைந்து அதனைச் செப்பனிடுகின்றன. ஓர் உடற்பயிற்சிக்குப் பின் தசையில் புரதம் கட்டப்படும் வேலை ஒரு நாள், இரண்டு நாள் வரையில் மிகுந்து நடைபெறுகின்றது. வளர்ச்சி ஹார்மோனும் ஆழ்ந்த உறக்கத்தின்போதே மிகுதியாகச் சுரக்கின்றது. அதாவது, தசை வளர்வது ஜிம்மில் அன்று. ஜிம்மை விட்டு வந்தபின் உண்ணும் வேளையிலும் உறங்கும் வேளையிலும்தான். குப்பி விற்பவன் விற்பதாகச் சொல்வது அவ்வேளையையே. பத்து நாள் ஓய்வை மூன்று நாளில் தருகிறேன் என்பதே அவன் வாக்கு.

இது அறமா என்று வினவும்பொழுது பலரும் உடனே கூறும் விடை, இது இயற்கைக்கு மாறானது என்பது. இவ்விடை போதாது. மூக்குக்கண்ணாடியும் இயற்கை அன்று. அம்மைத் தடுப்பும் இயற்கை அன்று. 1933இல் தொடங்கப்பட்டு இன்று மாட்டுங்காவில் இயங்கிவரும் வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் நம் பிள்ளைகள் இடம் பெற்றால் நாம் மகிழ்கின்றோம். இயற்கையில் இல்லாத பொருளை ஆக்குதல் பாவம் என்றால் அம்மகிழ்ச்சிக்குப் பொருள் இல்லை.

இரண்டாவது விடை, இது விளையாட்டு விதிகளுக்கு மாறானது என்பது. உண்மையே. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருள்களையும் தைமோசின் பீட்டா-4 வகையையும் தடைசெய்துள்ளது; பி.பி.சி.-157 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டது. அதே 2022இல் நம் நாட்டிலும் ஊக்கமருந்துத் தடுப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2023இல் இந்தியாவில் பரிசோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213 மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட பொருள்கள் காணப்பட்டன என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி. ஆனால் பந்தயத்தில் ஓடுகிறவனுக்கே பந்தய விதி. ஜிம்முக்குச் செல்லும் இளைஞருள் பெரும்பாலோர் எப்பந்தயத்திலும் ஓடாதவர். ‘நான் எவனையும் ஏமாற்றவில்லையே! என் உடல், என் பணம், என் விருப்பம்’ என்று அவர்கள் கூறினால் நாம் என்ன விடை கூறுவோம்?

இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது. தன் உடல்மீது தனக்குள்ள உரிமையை நாம் மறுப்போமாயின், அதன் மீது பிறர்க்கு உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டவர் ஆவோம். அதன் தீங்கை உழைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். ஆகவே உரிமையை ஒப்புக்கொண்டே மேலே செல்வோம். ஒருவன் தன் உடலைச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்றே கொள்வோம். அச்சோதனை எவ்வாறு நிகழ்ந்தால் அது அறமாகும்?

இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தாராவிக்கு அண்மையில் உள்ள பரேல் வரையில் சென்றால் போதும். 1896இல் அன்றைய பம்பாயில் பிளேக் நோய் பரவியபொழுது இங்கு வந்த ஹாஃப்கின் என்னும் அறிஞர், மூன்று மாதங்களில் ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கினார். அதுவரை எந்த மனிதர்க்கும் செலுத்தப்படாத அம்மருந்தை, 1897 ஜனவரி 10ஆம் நாள் அவர் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டன. அவற்றைக் குறித்து வைத்தார். பின்னர் பைகுல்லா சிறையில் முன்வந்தோர்க்குச் செலுத்தி, செலுத்திக்கொண்டோர், செலுத்திக்கொள்ளாதோர் என இரு பிரிவாக எண்ணிக் கணக்கெடுத்தார். கம்பிக்குள் இருப்பவன் தரும் இசைவு முழு இசைவாகுமா என்று இன்று நாம் கேட்பது முறையே. ஆயினும் ஒன்று தெளிவு: எதைச் செலுத்துகிறோம், எவ்வளவு, யாருக்கு, என்ன விளைந்தது என்னும் கணக்கு அங்கே இருந்தது.

அக்கணக்கின் அருமை 1902இல் புலப்பட்டது. பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் அம்மருந்தைப் பெற்றோருள் 19 பேர் இரணஜன்னி கண்டு இறந்தனர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. அவர் பணியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார். இறந்த அனைவரும் ஒரே குப்பியிலிருந்து ஊசி பெற்றவர்கள் என்பதும், அக்குப்பி அவ்வூரில் திறக்கப்பட்ட வேளையில் தூய்மை கெட்டிருக்கலாம் என்பதும் ஆய்ந்து காணப்பட்டு, 1907இல் அவர் பழி நீங்கினார். எந்தக் குப்பி, எவருக்கு என்னும் குறிப்பு இல்லாதிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிருக்குமா? குப்பி ஒன்று தூய்மை கெட்டால் என்ன நேரும் என்பதற்கும் இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் என்னைப் போன்றோரைப் பார்த்து, கோப்பில் ஏறாதது உலகில் நிகழாதது என்று எண்ணுகிறவர்கள் என நண்பர்கள் நகையாடுவதுண்டு. நகைப்பில் ஓரளவு நியாயமும் உண்டு. எனினும் கோப்பு என்பது வெறும் காகிதம் அன்று. ‘இவனுக்கு இது நேர்ந்தது’ என்று பிற்காலத்தவர்க்குச் சாட்சி சொல்வது அது. வளர்ச்சி ஹார்மோனின் வரலாற்றையே காண்க. முற்காலத்தில் அது இறந்தோரின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டு, வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவில் அரசுத் திட்டத்தின் வழியே அதனைப் பெற்றோர் ஏறத்தாழ 7,700 பேர். ஊசி போட்டுப் பல ஆண்டுகள் சென்றபின் அவருள் சிலர் மூளையை அழிக்கும் கொடிய நோய்க்கு இரையாயினர். 1985இல் அம்மருந்து அங்கு நிறுத்தப்பட்டது. பெயர்ப் பட்டியல் இருந்தமையால் எஞ்சியோரைத் தேடி எச்சரிக்க முடிந்தது. இன்றைய பெப்டைடுகள் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படுவன. அந்த நோய்க்கு அவற்றில் இடமில்லை. ஆயினும், உடல் தன் விடையைப் பத்தாண்டு கழித்தும் கூறக்கூடும் என்னும் பாடத்துக்கு இடமுண்டு.

இனி, பெப்டைடு ஊசியே நேராகச் சிக்கலான ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். ஆஸ்திரேலியாவில் எஸ்ஸெண்டன் என்னும் கால்பந்துக் கழகம் 2012ஆம் ஆண்டுப் பருவத்தில் தன் வீரர்களுக்கு ஊசிகள் போடும் திட்டம் ஒன்றை நடத்தியது. வீரர்கள் இசைவுப் படிவங்களில் ஒப்பமிட்டனர். எல்லாம் விதிக்கு உட்பட்டவையே என்று அவர்களுக்குக் கூறப்பட்டது. கழகமே அமர்த்திய தனி ஆய்வு, அங்கு மருந்துச் சோதனைக் கூடம் போன்ற சூழல் நிலவியது என்றும், அதனைக் கட்டுப்படுத்தியவரோ முறையாகப் பதிவு செய்தவரோ இல்லை என்றும் 2013இல் கூறியது. 2016 ஜனவரியில் விளையாட்டு நடுவர் மன்றம், தைமோசின் பீட்டா-4 பெற்றதாகக் கண்டு 34 வீரர்களுக்குத் தடை விதித்தது. தடையைவிட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. எந்த வீரனின் உடலில் எந்த நாள் எப்பொருள் எவ்வளவு சென்றது என்று முழுமையாகக் கூறவல்ல பதிவேடு எவரிடமும் இல்லை. ஒப்பம் இருந்தது, கணக்கு இல்லை. அறியாத பொருளுக்கு இட்ட ஒப்பம் இசைவு ஆகாது; அது நம்பி ஏமாந்ததற்குச் சான்று மட்டுமே.

செல்வம் மிக்க நாட்டில், மருத்துவரும் வழக்கறிஞரும் சூழ்ந்த கழகத்தில் இந்நிலை என்றால், சந்தில் உள்ள ஜிம்மில் நிகழ்வது எவ்வாறு இருக்கும்? இப்பெப்டைடுகளின் குப்பிகள் பலவற்றின் மீது ‘ஆய்வுக்கு மட்டும், மனிதர் பயன்படுத்துவதற்கு அன்று’ என்று அச்சிடப்பட்டிருக்கும். அவ்வரி வாங்குபவனைக் காப்பதற்காக எழுதப்பட்டதன்று. விற்பவனைக் காப்பதற்காக எழுதப்பட்டது. மனிதனுக்காகவே வாங்கப்படுகிறது என்பதை இருவரும் அறிவர். இரண்டு மூன்று பொருள்களைச் சேர்த்துவிட்டாலோ குழப்பம் பெருகுகின்றது. தோள்வலி நீங்கினால் எதனால் நீங்கியது? விரல் வீங்கினால், மூட்டு வலித்தால், இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் எதனால் ஏறியது? ஓய்வினாலேயே ஆறியிருக்கக்கூடிய வலியோ என்றும் அறிய வழியில்லை. வளர்ச்சி ஹார்மோனை நலமுள்ள விளையாட்டு வீரர்க்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகளை 2008இல் தொகுத்துப் பார்த்தோர், உடலின் கொழுப்பற்ற எடை கூடியது என்றும், வலிமை கூடியதற்குச் சான்று இல்லை என்றும், கூடிய எடையில் நீரும் அடங்கும் என்றும் கூறினர். கண்ணாடியில் தெரியும் வளர்ச்சி வேறு, கையில் நிற்கும் வலிமை வேறு.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைப் படிப்போர் ஒரு வியப்பைக் காண்பர். அதில் எந்த மூலிகையின் பெயரும் இல்லை. பெரும்பகுதி, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியதே. இறுதிக் குறளில் வள்ளுவர், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் என நான்கு பகுதிகளைக் கொண்டது என வகுக்கின்றார். மருந்து அந்நான்கனுள் ஒன்றே என்பதைக் கருதுக. ஜிம்மில் தனியே ஊசி ஏற்றிக்கொள்ளும் இளைஞன் தானே நோயாளி, தானே மருத்துவன், தானே மருந்து கொடுப்பவன். நான்காவதாகிய மருந்தோ, பெயர்ச்சீட்டில் உள்ளதுதானா என்று அவன் அறியான். நால்வர் சுமக்க வேண்டியதை ஒருவன் சுமக்கின்றான். அதுவும் நோய் இல்லாமலே.

இவ்வளவும் கூறியபின் அவ்விளைஞன் நம்மைத் திருப்பிக் கேட்கக்கூடும்: ‘கழிவுநீர்க் குழியில் மனிதரை இறக்குவதைத் தடுக்க 2013இல் சட்டம் செய்தீர்கள். அதன் பின்னும் இறங்கினார்கள், இறந்தார்கள். அங்கே என் உடலின் கணக்கை எவர் எழுதினீர்? நானே என் உடலுக்கு ஒரு துணையைத் தேடிக்கொண்டால் மட்டும் அறம் பேச வருகிறீர்களே!’ இக்கேள்வியில் சினம் இருக்கலாம்; பொய் இல்லை. அவனுக்கு வேண்டியிருப்பது உண்மையில் பெப்டைடு அன்று. காயம் ஆறும் நாள்கள். அந்நாள்களில் அவனுக்குக் கூலி இல்லை. வேலை இருக்கும் என்னும் உறுதியும் இல்லை. எனவேதான் அவன் நாளை விலைக்கு வாங்கப் பார்க்கின்றான்.

ஓய்வு ஒரு காலத்தில் இந்நகரின் உழைப்பாளர்க்கு மறுக்கப்பட்டே இருந்தது. பஞ்சாலைகளில் வார விடுமுறை இல்லாதிருந்தது. நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் ஆலைத் தொழிலாளர்க்குச் சங்கம் கண்டு, ஆண்டுக்கணக்கில் போராடி, 1890 ஜூன் 10ஆம் நாள் ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். தசையும் நரம்பும் ஆறுவதற்கு ஒரு நாள் வேண்டும் என்னும் உண்மையை அன்று உழைப்பாளர் ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்றனர். இன்று அதே உண்மையை ஒவ்வோர் இளைஞனும் தனித்தனியே, குப்பி குப்பியாக விலை கொடுத்து வாங்க முயல்கின்றான். கூடிக் கேட்டது உரிமையாயிற்று. தனித்து வாங்குவது கடனாகின்றது. வட்டி எவ்வளவு என்று எழுதப்படாத கடன் அது. அதனையே இரவல் வலிமை என்கிறேன்.

ஆகவே என் முடிபு இது. தன் உடலைச் சோதிக்கும் உரிமை ஒருவனுக்கு உண்டு எனினும், அறியாமல் தரும் இசைவும், எழுதப்படாத கணக்கும் அவ்வுரிமையை வெறுமையாக்கிவிடுகின்றன. ஹாஃப்கின் தம் உடலைச் சோதித்தபொழுது அதன் பயன் ஊருக்குச் சென்றது. ஜிம்மில் உள்ளவன் தன்னைச் சோதித்தால் பயன் விற்பவனுக்குச் செல்கின்றது. தீங்கு அவனோடு நிற்கின்றது. அறிவு எவர்க்கும் செல்வதில்லை. அவனுக்கு நேர்ந்ததைக் கொண்டு அடுத்தவன் ஒருவனைக்கூடக் காக்க முடிவதில்லை. இச்செயலின் பெருங்குறை அதுவே.

இதில் பெரியோர்களாகிய நம் பங்கும் உண்டு. ஊசி என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் சீறுகின்றோம், பிள்ளை மறைக்கின்றான். மறைத்ததனால் மருத்துவர்க்கும் தெரியாமற் போகின்றது. கணக்கு எழுதப்படாமைக்கு விற்பவனின் பேராசை ஒரு காரணம் என்றால், நம் கடுஞ்சொல் மற்றொரு காரணம். தாராவிக்கு அருகிலேயே சயானில் பெரிய பொது மருத்துவமனை உள்ளது. தோளில் காயமுற்றவன் அங்குச் செல்லலாம். ஏற்கெனவே எதையேனும் செலுத்திக்கொண்டவனும் குப்பியையே கையில் எடுத்துச் சென்று, ‘இதை இத்தனை நாள் போட்டேன்’ என்று மருத்துவரிடம் வெட்கமின்றிக் கூறலாம். அவ்வாறு கூறும் துணிவு அவனுக்கு வர வேண்டுமாயின், வீட்டில் நாம் சற்றுப் பொறுமையோடு கேட்டிருக்க வேண்டும். காயம்பட்ட பிள்ளை பத்து நாள் வேலைக்குச் செல்லாதிருந்தால் ‘சும்மா இருக்கிறான்’ என்று கூறாதிருக்கவும் நாம் பழக வேண்டும். உடல் ஆறிக்கொண்டிருக்கும் நேரமும் உழைப்பின் ஒரு பகுதியே.